எல்லைக் கோடுகளும் சுவிசேஷம் சென்ற வழியும்

காரைக்கால் நகருக்கு வடபால், அதற்கு மிக அணித்தே, கடலோரத்தில் கிளிஞ்சல்மேடு என்னும் மீனவர் ஊர் ஒன்று உள்ளது. பேரரசுகளின் சரித்திரத்தைப் படிப்போர் இவ்வூரின் பெயரை அங்கே காண்பது அரிது. ஆயினும், நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருளை விளக்குதற்கு இதனினும் தக்கதோர் இடம் நமக்குத் தோன்றவில்லை.

இவ்வூர் மணலில் நின்று வடக்கே நோக்கின், 10 மைலுக்குள் தரங்கம்பாடி. தெற்கே நோக்கின், 15 மைலுக்குள் நாகப்பட்டினம். மேற்கே சிறிது தூரம் நடந்தால் பண்டைத் தஞ்சை இராச்சியத்தின் நெல்வயல்கள். 1750-ஆம் ஆண்டையொட்டி இங்கு வாழ்ந்த மீனவன் ஒருவன் பிரெஞ்சுக்காரரின் நிலத்தில் உறங்கி எழுந்து, வடகாற்றோ தென்காற்றோ வீசியபடி, டேனியர் கொடியின்கீழோ ஒல்லாந்தர் கொடியின்கீழோ தன் கட்டுமரத்தைக் கரையேற்றலாம். கரையை விட்டு மேற்கே நடந்தானாயின் மராட்டிய அரசரின் குடிகளிடையே நிற்பான். நான்கு அரசுகள் ஒரு நடைத் தொலைவுக்குள் நெருங்கிக் கிடந்தன என்க.

இதற்கும் புதிய ஏற்பாட்டுக்கும் யாது தொடர்பு என மாணவ நண்பர்கள் வினவலாம். வேதபுத்தகத்தின் இறுதியில் வண்ணந் தீட்டிய தேசப்படங்கள் சில உண்டு. அவற்றை நம்மிற் பலர் அலங்காரமாகவே கருதிப் புரட்டிவிடுகிறோம். கலிலேயா ஒரு நிறம், யூதேயா ஒரு நிறம், ஆசியா ஒரு நிறம், மக்கெதோனியா ஒரு நிறம். அவ்வளவே நாம் அறிவது. அந்நிறங்களுக்கு இடையே ஓடும் மெல்லிய கோடுகளே, யார் எங்கே பேசலாம், யார் எங்கே ஒளியலாம், யாரை யார் விசாரிக்கலாம் என்பவற்றைத் தீர்த்தன. கிறிஸ்து மார்க்கத்தின் ஆதிக் கதை அக்கோடுகளின் வழியே நடந்தது. அவ்வாறே நம் காவிரிக் கடற்கரையிலும் அது நடந்தது. இரண்டினையும் அருகருகே வைத்து நோக்குதலே நம் கருத்து.

ஊர் எல்லையும் துறைமுகமும் ஒரு கதையைத் திருப்பவல்லன என்பது இந்நாட்டார்க்குப் புதிதன்று. காரைக்காலம்மையாரின் சரிதத்தை அறியாதார் யார்? அம்மையாரின் கணவனாகிய பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகன் மகன். அவன் மரக்கலம் ஏறிப் பொருளீட்டி மீளுங்கால் காரைக்காலை அடையாது, பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் இறங்கி அங்கே வேறொரு குடும்பமும் அமைத்தான். அதன் பின்னரே அம்மையார் வாழ்வு முற்றிலும் வேறு வழியில் திரும்பிற்று. மரக்கலம் சேர்ந்த துறையே அங்கு கதையின் திருப்பம் ஆயிற்றன்றோ?

இனிக் கலிலேயாவுக்குச் செல்வோம். கி.மு. 4-இல் பெரிய ஏரோது இறந்தபின் அவன் நாடு அவன் புதல்வர் மூவர்க்குப் பிரிக்கப்பட்டது. கலிலேயாவும் யோர்தானுக்கு அப்பாலுள்ள பெரேயாவும் அந்திப்பாவுக்கு வந்தன. கலிலேயாக் கடலின் வடகிழக்குப் பகுதி பிலிப்புவுக்கு வந்தது. யூதேயாவைப் பெற்ற அர்கெலாயு கி.பி. 6-இல் நீக்கப்பட்டமையால், அது ரோமத் தேசாதிபதியின் நேராட்சிக்குட்பட்ட மாகாணமாயிற்று. ஆகவே இயேசு ஊழியஞ் செய்த காலத்தில், ஒரு சிறு ஏரியின் கரைகளிலேயே வெவ்வேறு ஆட்சிகள் நிலவின.

பேதுருவும் அந்திரேயாவும் பெத்சாயிதா ஊரார் என யோவான் சுவிசேஷம் கூறுகிறது. அவ்வூர் பிலிப்புவின் நாட்டில் உள்ளது. அவர்கள் வீடோ கப்பர்நகூமில் இருந்ததாக மாற்கு சுவிசேஷம் கூறுகிறது. அது அந்திப்பாவின் நாட்டில் உள்ளது. இரண்டுக்கும் இடையே யோர்தான் நதி எல்லையாக ஓடிற்று. எல்லையோர ஊராகிய கப்பர்நகூமில் ஆயத்துறை ஒன்று இருந்ததும், அதில் அமர்ந்திருந்த ஆயக்காரன் ஒருவன் சீடனானதும் வியப்பன்று. எல்லை உள்ள இடத்தில் சுங்கம் இருக்கும். சுங்கம் உள்ள இடத்தில் ஆயக்காரன் இருப்பான்.

யோவான் ஸ்நானகனைக் கொல்வித்தவன் அந்திப்பா. அச்செய்தி கேட்ட இயேசு படவேறி அவ்விடம் விட்டு அகன்றார் என மத்தேயு சொல்ல, அவர் சென்றது பெத்சாயிதாவின் பக்கம் என லூக்கா சொல்கிறார். அஃதாவது, ஒரு படவு செல்லும் தொலைவில் கொலைஞனின் அதிகாரம் முடிந்தது. அந்திப்பாவின் தலைநகரங்களாகிய செப்போரிக்கும் திபேரியாவுக்கும் இயேசு சென்றதாகச் சுவிசேஷங்களில் ஓரிடத்திலும் குறிப்பில்லை என்பதும் நாம் எண்ணத்தக்கது. ஏரியைக் கடந்த பயணங்களை நாம் வாசிக்கும்போது அலையையும் காற்றையும் மட்டும் காண்கிறோம். அன்று அவற்றைக் கேட்டவர்களோ, எந்த அரசனின் கரையிலிருந்து எந்த அரசனின் கரைக்கு என்பதையும் உடன் உணர்ந்திருப்பர். கிளிஞ்சல்மேட்டு மீனவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கதையின் முடிவிலும் இக்கோடே வந்து நிற்கிறது. பொந்தியு பிலாத்துவின் இருப்பிடம் எருசலேமன்று; கடற்கரைப் பட்டினமாகிய செசரியா. பண்டிகைக் கூட்டத்தை அடக்கிக் காக்க அவன் எருசலேமுக்கு வந்திருந்தான். கைதி கலிலேயன் என்று அறிந்தவுடன், அவ்வாண்டு பண்டிகைக்கு வந்திருந்த அந்திப்பாவினிடம் அவரை அனுப்பினான் என்பது லூக்காவின் செய்தி. ஒரு மனிதன் எந்த மாகாணத்தான் என்ற கேள்வி, அவன் உயிரைப் பற்றிய கேள்வியாக அங்கே மாறிற்று.

எல்லை புகலிடமாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிந்த சான்றுகள் உண்டு. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் டேனியரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியை அவர்க்கு அளித்தார். அங்கே டான்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, சீகன்பால்கும் புளூச்சோவும் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி அங்கே வந்திறங்கினர். ஜெர்மானியராகிய இவ்விருவர்க்கும் இந்தியாவில் கால் வைக்க இடங் கிடைத்தது, ஒரு சிறிய அரசனுக்கு ஒரு சிறிய கடற்கரைத் துண்டு இருந்தமையாலேயே. கோட்டைத் தலைவர் மிஷனெரிமார்க்கு நண்பராக இருந்தாரல்லர். சீகன்பால்கை அவர் சில மாதம் சிறையிலும் வைத்தார். ஆயினும் அரசரின் ஆணை அரசரின் எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதை எவரும் முற்றிலும் மறுக்க இயலவில்லை.

வங்காளத்தில் இதனினும் வியப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆங்கிலக் கம்பெனியார் தம் நிலத்தில் மிஷனெரிமார் நுழைவதை விரும்பாத காலம் அது. 1799-இல் வந்த மார்ஷ்மனும் வார்டும், கல்கத்தாவுக்கு அணித்தே ஊக்ளி நதிக்கரையில் டேனியர்க்கு உரியதாயிருந்த ஸ்ரீராம்பூரில் இறங்கினர். வில்லியம் கேரியும் 1800-இல் அங்கே சென்று அவர்களோடு சேர்ந்தார். ஆங்கிலேயராகிய மூவர்க்கு ஆங்கிலேயரிடமிருந்து காப்பளித்தது டேனியர் எல்லை! அங்கிருந்தே வங்காளப் புதிய ஏற்பாடு 1801-இல் வெளிவந்தது. ஸ்ரீராம்பூர்க் கல்லூரி 1818-இல் தோன்றி, பட்டமளிக்கும் உரிமையை 1827-இல் டென்மார்க்கு அரசரிடமிருந்து பெற்றது. டேனியர் தம் இந்திய நிலங்களை 1845-இல் 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்க்கு விற்றபோதும், அவ்வுரிமை உடன்படிக்கையிலேயே காக்கப்பட்டது. கலிலேயாக் கடலைக் கடந்த படவும் ஊக்ளிக் கரையில் ஒதுங்கிய கப்பலும் ஒரே காரணத்தால் திசை கொண்டன எனலாம்.

எல்லை புகலாவது போன்றே, மாகாணத்தின் தலைநகரும் அதனை அடையும் சாலையும் கால்வாயாகும். நீர் கால்வாய் வழியே ஓடுதல் போலப் பவுலின் பயணங்களும் அவற்றின் வழியே ஓடின. பிலிப்பி ரோமர் குடியேற்றப் பட்டினம். அதனூடே சென்ற எக்னாத்தியப் பெருவழி தெசலோனிக்கேக்குக் கொண்டு சேர்க்கும். அது மக்கெதோனியாவின் தலைநகரம். கொரிந்து அகாயாவின் தலைநகரம். எபேசு ஆசியாவின் முதன்மைப் பட்டினம். எபேசுவில் பவுல் ஈராண்டு போதித்தமையால் ஆசியா முழுவதும் அவ்வுபதேசத்தைக் கேட்டது என அப்போஸ்தலர் நடபடிகள் கூறுவது மிகையன்று. வழக்குக்கும் வாணிகத்துக்கும் மாகாணத்தார் யாவரும் அங்கே வந்து சென்றமையால், செய்தி அவர்களோடே ஊர் திரும்பிற்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளையும் அந்நூலின் வரிசைப்படியே படத்தில் தொட்டுச் செல்லுங்கள். எபேசுவிலிருந்து வடக்கே சென்று, உள்நாட்டில் வளைந்து தென்கிழக்கே இறங்கும் ஒரு சாலை உங்கள் விரலின்கீழ்த் தோன்றும்.

பவுல் தம் நிருபங்களிலும் சபைகளை மாகாணப் பெயராலேயே பெரும்பாலும் அழைக்கிறார். கலாத்தியாவின் சபைகள், ஆசியாவின் சபைகள், மக்கெதோனியாவின் சபைகள் என்பன காண்க. பேதுருவின் முதலாம் நிருபமோ பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்ற பெயர்களோடே தொடங்குகிறது.

ஒரு தேசாதிபதியின் சொல்லும் ஒரு மாகாணம் முழுவதிலும் விளைவை உண்டாக்கவல்லது. கொரிந்துவில் பவுலின்மேல் கொண்டுவந்த வழக்கைக் கல்லியோன் என்னும் அதிபதி, இது உங்கள் வேதத்தைப் பற்றிய வழக்கு எனக் கருதித் தள்ளிவிட்டான். அவன் வேறுவிதமாகத் தீர்த்திருப்பின், அகாயாவில் மட்டுமன்றி அதனைக் கேள்வியுற்ற பிற மாகாணங்களிலும் அத்தீர்ப்பு முன்மாதிரியாயிருக்கும். இக்கல்லியோனின் பெயர் பொறித்த கல்வெட்டு டெல்பியில் கிடைத்தது. 1905-இல் அது அறிஞர்க்குத் தெரியவந்தது. அதனைக் கொண்டே அவன் அதிகாரம் ஏறத்தாழ கி.பி. 51, 52-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தது எனத் துணிந்தனர். பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டு வகுப்போர் அனைவரும் அக்கல்லையே ஊன்றுகோலாகக் கொள்கின்றனர்.

இக்கால்வாய் நியாயம் நம் நாட்டிலும் ஒத்தே நடந்தது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஸ்வார்ட்ஸ் ஐயர் பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும், அதன்பின் தஞ்சையிலும் தங்கி ஊழியஞ் செய்தார். திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலப் படை இருந்தது. தஞ்சையிலும் பின்னர் ஆங்கிலேயர் செல்வாக்கு ஓங்கிற்று. ஆங்கிலேயரின் படைவீடு சென்ற வழியே மிஷனும் சென்றது. டேனியரின் சிறு வட்டத்துள் 50 ஆண்டுகள் பெரிதும் அடங்கிக் கிடந்த பணி, ஆங்கிலேயரின் நீண்ட வழியைப் பற்றிக்கொண்டு உள்நாட்டிற் பரந்தது.

ஆயினும் இங்கே ஒரு பெரும் வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது. பவுலுக்கு முன்னே பல மாகாணங்கள் இருந்தன, பேரரசன் ஒருவனே. ஆகையால் ஒரு சட்டமும், இணைந்த சாலைகளும், எங்கும் வழங்கிய கிரேக்க மொழியும் அவர்க்கு வாய்த்தன. ரோமக் குடியுரிமை அவர்க்கு எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவியாயிற்று. நம் கடற்கரையிலோ 30 மைலுக்குள் பல அரசர். ஒருவரின் நண்பன் மற்றவரின் பகைவன். ஐரோப்பியன் என்னும் அடையாளம் கடற்கரையில் காப்பாகவும் உள்நாட்டில் தடையாகவும் இருந்தது. இதனை நன்குணர்ந்தவர், 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் எனப்படும் நொபிலி. பறங்கி என்ற பெயர் தம்மேல் ஒட்டாதிருக்கும்பொருட்டு அவர் உடையும் உணவும் மாற்றி, கடற்கரைச் சபையோடு தமக்குள்ள தொடர்பை மறைத்து வாழ்ந்தார். பவுல் தாம் ரோமன் என்று சொல்லிப் பிழைத்தார். நொபிலி தாம் பறங்கியல்லர் என்று சொல்லிப் பணி செய்தார். இருவரையும் அவ்வாறு சொல்வித்தது அவரவர் நின்ற நிலத்தின் அமைப்பே.

ரோம எல்லைக்கு அப்பால் இக்கதை வேறு மொழியிலேயே நடந்தது என்பதையும் ஒருவாறு சொல்லிச் செல்வோம். கிழக்கே எதேசாவிலும் அதற்கப்பால் பாரசீக நாட்டிலும் சீரிய மொழி பேசும் சபைகள் வளர்ந்தன. ரோமப் பேரரசனுக்குப் பகைவனான அரசனின் கீழ் வாழ்ந்தமையால், அவை மேற்றிசைச் சபைகளோடு ஒட்டாது தனியே நின்றன. மலையாளக் கரையின் பழைய கிறிஸ்தவர்கள் தொடர்பு கொண்டிருந்தது அந்தக் கீழ்த்திசைச் சபையோடுதான். ஆகவே இந்தியாவுக்குள் நுழைந்த முதல் வழியும் பின்னைய வழிகளும் வெவ்வேறாயின; அவ்வேறுபாட்டின் வேர் ரோமுக்கும் பாரசீகத்துக்கும் இடையே கிடந்த எல்லையில் உள்ளது.

இனி, எல்லை அடைபட்டபோது நிகழ்ந்ததைக் காண்போம். நம் கருத்தில் இதுவே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி.

தரங்கம்பாடியைச் சூழ்ந்த தஞ்சை நாட்டுக்குள் ஐரோப்பிய மிஷனெரிமார் தம் விருப்பம்போல் நுழைய இயலவில்லை. சீகன்பால்கு 1709-இல் தமிழ் உடை தரித்துத் தஞ்சைக்குப் புறப்பட்டும், வழியில் ஆபத்தென்று எச்சரிக்கப்பட்டுத் திரும்ப நேர்ந்தது. ஆனால் மனிதன் செல்லவியலாத இடத்துக்குப் புத்தகம் சென்றது. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தரங்கம்பாடியில் தமிழில் அச்சாயின. தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்த ராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், அவ்வச்சுப் புத்தகத்தைப் படித்து அதனால் ஈர்க்கப்பட்டுத் தரங்கம்பாடிச் சபையோடு சேர்ந்து, 1728 முதல் தம் நாட்டிலேயே உபதேசியாராகப் பணி செய்தார். பவுல் சிறையிலிருந்தும் தூரத்திலிருந்தும் எழுதிய நிருபங்கள் அவர் செல்லவியலாத மாகாணங்களில் வாசிக்கப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

புத்தகத்துக்கு அடுத்து ஆள். கடலூரில் பிறந்து 1718-இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன் என்னும் தமிழர், 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்திய நாட்டுப் புரோட்டெஸ்டாண்டுச் சபைகளில் முதன்முதல் குருவான இந்தியர் இவரே. இவர்க்கு அளிக்கப்பட்ட வயல் எது? டேனியர் எல்லைக்கு வெளியே, தஞ்சை நாட்டைச் சேர்ந்த மாயவரப் பகுதி. ஐரோப்பியர் கால்வைக்க அரிதாயிருந்த அந்நிலத்தில் ஆரோன் தம்மூரானைப்போல் நடந்தார். 1745-இல் அவர் இறக்கும்வரை அப்பணி நடந்தது. அவரைப் பின்பற்றி 1741-இல் தியோகு குருப்பட்டம் பெற்றார்.

இதனைச் சற்றே ஆழ்ந்து நோக்குக. எல்லை திறந்திருந்தால், மாயவரத்துக்கும் ஓர் ஐரோப்பியரே சென்றிருத்தல் கூடும். தமிழர் அவர்க்குக் கீழ் உபதேசியாராகவே நின்றிருப்பர். கோடு அடைபட்டமையால், பொறுப்பை இந்நாட்டார் கையில் ஒப்படைப்பதன்றி வேறு வழி இல்லையாயிற்று. தடை எனத் தோன்றியதே, தமிழ்க் குருவை நாட்டுக்கு அளித்தது. ஆரோனின் திறமும் துணிவும் அவருடையன; எல்லை அவற்றைப் படைக்கவில்லை. ஆயினும் அவற்றுக்கு இடமளித்தது எல்லை.

ஆண்டவர் மறைந்தாலும் அவர் இட்ட கோடு எளிதில் மறையாது என்பது நாம் கூற வேண்டிய மற்றொன்று. ரோமில் தயோக்கிலேத்தியன் பேரரசின் மாகாணங்களைத் தொகுத்து அமைத்த பெரும் பிரிவுகளுக்கு டயோசீஸ் என்று பெயர். பேரரசு அழிந்தது, அச்சொல் இன்றும் அத்தியட்சர் ஒருவரின் ஆளுகை வட்டத்தைக் குறிக்கிறது. 325-இல் கூடிய நிசேயா சங்கம், மாகாணத் தலைநகரத்து அத்தியட்சர்க்கே அம்மாகாணத்தில் முதன்மை தந்தது. செசரின் வரிக்கணக்குக்காக வகுத்த பிரிவு, திருச்சபையின் ஏணிப்படியாயிற்று.

நம் கரையிலும் இதன் நிழலைக் காணலாம். நாகப்பட்டினத்தைப் போர்த்துகேசியர் 1658-இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஒல்லாந்தர் அதனை 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆயினும் நாகைக்குத் தெற்கே உள்ள வேளாங்கண்ணி, போர்த்துகேசிய அரசரின் சலுகையைச் சார்ந்த மயிலாப்பூர் மேற்றிராசனத்தின் கீழேயே நெடுங்காலம் நின்று, 1952-இல் தஞ்சாவூர் மேற்றிராசனம் தனியே பிரிந்தபோதே அதனைச் சேர்ந்தது. கொடி இறங்கி ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின்னரே அதன் நிழலும் அகன்றது.

காரைக்காலை நோக்குக. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, போர்க்காலங்களில் ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்ற, இறுதியில் 1817-இல் பிரெஞ்சுக்காரர்க்கே மீட்டளிக்கப்பட்ட நிலம் அது. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவுக்கு மாறிற்று. சட்டப்படி 1962-இல் அம்மாற்றம் நிறைவெய்திற்று. இன்றும் காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது. அதன் கத்தோலிக்கச் சபைகளும், மூன்று பக்கமும் சோழ நாட்டு ஊர்கள் சூழ்ந்திருக்க, ஏறத்தாழ 80 மைலுக்கு அப்பாலுள்ள புதுச்சேரி-கடலூர்ப் பேராயத்தையே சேர்ந்துள்ளன. தஞ்சாவூர் அருகே இருந்தும் அதனைச் சேரவில்லை. 1899-இல் அமைந்த கும்பகோணம் மேற்றிராசனத்தையும் சேரவில்லை.

வடக்கே தரங்கம்பாடியின் கதையும் இத்தகையதே. டேனியர்க்குப் பின் லைப்சிக் மிஷன் அங்கே பணி செய்தது. 1914-இல் தொடங்கிய உலகப்போரில் ஜெர்மானிய மிஷனெரிமார் இந்நாட்டைவிட்டு அகற்றப்பட, நடுநிலை நாட்டினராகிய ஸ்வீடன் சபையார் அப்பணியைத் தாங்கினர். 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தோன்றிற்று. 1921-இல் அதன் முதல் அத்தியட்சர் பதவியேற்றார். அவ்வத்தியட்சரின் பட்டப்பெயர் இன்றும் தரங்கைப் பேராயர் என்பதே. அவர் அலுவலகமோ திருச்சிராப்பள்ளியில். ஐரோப்பாவின் எல்லைச் சண்டையும், 1620-ஆம் ஆண்டின் நிலக்கொடையும் ஒரே பதவியில் கலந்து நிற்கின்றன.

இவற்றை நாம் விரித்துரைத்தது வெறும் ஆராய்ச்சி இன்பத்துக்காகவன்று. ஓர் ஊரார் லுத்தரனாகவும், அடுத்த ஊரார் கத்தோலிக்கராகவும், அதற்கடுத்த ஊரார் வேறொரு சபையாராகவும் இருத்தலைக் கண்டு, அது முழுவதும் உபதேச வேற்றுமையால் விளைந்தது என நாம் எண்ணிவிடுகிறோம். வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரின் கொள்கையை மறுத்து நூல்கள் இயற்றியது உண்மையே. உபதேச வேற்றுமை பொய்யன்று. ஆயினும் வயலில் உழுத குடியானவன் எச்சபையில் சேர்ந்தான் என்பதைப் பல இடங்களில் தீர்த்தது, அவன் வீடு ஆற்றுக்கு இப்பாலா அப்பாலா என்பதே. கொள்கைக்காகப் பிரிந்தோம் என்று பெருமை பேசுமுன், கோட்டினால் பிரிக்கப்பட்டோமா என்று வினவுதல் அறிவுடைமை. அவ்வினா எழுமாயின், அயலானோடு பேசும் குரல் தானே சற்றுத் தணியும்.

எல்லைகளால் எல்லாம் விளங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை என்பதற்குக் கிளிஞ்சல்மேடே சாட்சி. தெற்கே முத்துக்குளித்துறையில் பரதவர் சமூகம் 1530-களில் போர்த்துகேசியரின் காப்பை நாடி ஒருசேரக் கிறிஸ்தவராயிற்று. காவிரிக் கரையிலோ, ஐரோப்பியக் கொடிகள் நெருங்கிப் பறந்தும், பட்டினவர் குப்பங்கள் பெரும்பாலும் தம் முன்னோர் வழிபாட்டிலேயே நின்றன. தொழில் ஒன்று, கடல் ஒன்று, ஐரோப்பியர் இரு பக்கமும் இருந்தனர், முடிவு வேறு. பவுலும் பட்டினத்திலிருந்து பட்டினத்துக்குச் சென்றார். இடையிலுள்ள கிராமங்கள் நெடுங்காலம் பழைய வழிபாட்டிலேயே இருந்தன. கிராமத்தானைக் குறித்த இலத்தீன் சொல்லே பிற்காலத்தில் பிற மதத்தானைக் குறிக்கலாயிற்று. சாலை எங்கே செல்லும் என்பதைத் தேசப்படம் சொல்லும். அதில் நடப்பவன் யாது செய்வான் என்பதை அது சொல்லாது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி காலை ஆழிப்பேரலை எழுந்தபோது, தரங்கம்பாடியும் காரைக்கால் கரையோரக் குப்பங்களும் நாகையும் வேளாங்கண்ணியும் ஒருங்கே துன்புற்றன. எது டேனியர் கரை, எது பிரெஞ்சுக் கரை, எது போர்த்துகேசியர் கரை என அலை கேட்கவில்லை. ஆனால் இறந்தோரை எண்ணவும் இருந்தோர்க்கு உதவவும் வந்த அதிகாரிகள் இரண்டு அரசுகளின் கீழ் நின்று தனித்தனிக் கணக்கு எழுதினர். 18-ஆம் நூற்றாண்டின் கோடு அன்றும் உயிரோடிருந்தது.

மாணவ நண்பர்களே, இனி வேதபுத்தகத்தின் இறுதியிலுள்ள படத்தைத் திறக்கும்போது, ஊர்ப்பெயர்களை மட்டும் வாசியாது அவற்றுக்கு இடையே உள்ள கோடுகளையும் வாசியுங்கள். இந்த ஏரியின் அக்கரை யாருடையது, இச்சாலை எந்தத் தலைநகருக்குச் செல்கிறது, இக்கதவு யார்க்கு அடைபட்டது, அதனால் யார்க்குத் திறந்தது என்று கேளுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் ஆலயத்தின் எல்லை எந்த ஆற்றோடு முடிகிறது என்பதையும், அவ்வாற்றை முதலில் எல்லையாக்கியவர் யார் என்பதையும் மூத்தோரிடம் வினவுங்கள். அவர்கள் கூறும் மறுமொழியில் சபை வரலாற்றின் ஒரு பகுதியேனும் உங்களுக்குக் கிட்டும்.